தொழிலாளர்கள் துறை மாறினால் நாட்டின் உற்பத்தித்திறன் உயருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறை மாறுவது என்றால் எதைச் சொல்கிறோம்?

நேற்று வரை வயலில் வேலை செய்தவர் இன்று ஆயத்த ஆடை ஆலையிலோ, கட்டட வேலையிலோ, கடையிலோ சேர்வதைத்தான். பெரும்பாலும் வேளாண்மை, தொழில், சேவை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். கொஞ்சம் நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் சுரங்கம், கட்டுமானம், வணிகம், போக்குவரத்து, நிதி என்று ஒன்பது பத்தாக உடைப்பார்கள். ஊர் மாறாமலே துறை மாறலாம், துறை மாறாமலே ஊர் மாறலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வரும் குழப்பம் நிறைய.

இதற்கும் உற்பத்தித்திறனுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு நாட்டில் ஓராண்டில் உருவாகும் மொத்த மதிப்பை வேலை செய்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது உழைப்பின் உற்பத்தித்திறன். இந்த எண் உயர இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு துறைக்குள்ளும் நல்ல விதை, நல்ல இயந்திரம், நல்ல நிர்வாகம் வந்து ஆளுக்கான உற்பத்தி கூடலாம். அல்லது, துறைகள் இருந்தபடியே இருக்க, குறைவாக விளைவிக்கும் இடத்திலிருந்து அதிகமாக விளைவிக்கும் இடத்துக்கு ஆட்கள் நகரலாம்.

பணக்கார நாடுகளில் துறைகளுக்கு இடையே ஏற்றத்தாழ்வு குறைவு. அதனால் இரண்டாவது வழியில் பெரிதாக எதுவும் கிடைக்காது. வளரும் நாடுகளில் இடைவெளி பல மடங்கு. அங்கே தொழில்நுட்பம் எதுவும் மாறாமல், ஆட்கள் இடம் மாறினாலே நாட்டின் சராசரி ஏறும் என்பது கணக்குப்படி சரி.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேளாண்மையில் உற்பத்தித்திறன் குறைவு என்றால் விவசாயி குறைவாக உழைக்கிறார் என்று பொருளில்லை. துண்டு நிலம், மழையை நம்பிய பாசனம், கையில் மண்வெட்டி, ஆண்டில் பல மாதங்கள் வேலையே இல்லாத நிலை எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைக் கீழே இழுக்கின்றன.

எண்களில் காட்ட முடியுமா?

100 பேர் வேலை செய்யும் ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம். 60 பேர் வயலில், ஆளுக்கு 1 அலகு உற்பத்தி. 10 பேர் தொழிற்சாலையில், ஆளுக்கு 5. மீதி 30 பேர் சிறு வணிகம், சில்லறைச் சேவைகளில், ஆளுக்கு 2. மொத்தம் 60 + 50 + 60 = 170. சராசரி 1.7.

முதல் கதை: தொழிற்சாலை விரிவடைகிறது, வயலிலிருந்து 10 பேர் அங்கே போகிறார்கள். இப்போது 50 + 100 + 60 = 210. எந்தத் துறையிலும் யாரும் முன்பைவிடத் திறமையாகிவிடவில்லை. ஆனாலும் நாட்டின் சராசரி 2.1 ஆகிவிட்டது.

இரண்டாவது கதை (இதுவும் அடுத்ததும் முதலில் சொன்ன 170-லிருந்தே தொடங்குகின்றன): இறக்குமதிப் போட்டி வருகிறது. தொழிற்சாலை புது இயந்திரம் வாங்கி, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புகிறது. எஞ்சிய 5 பேர் ஆளுக்கு 8 அலகு உற்பத்தி செய்கிறார்கள். வேலை போன 5 பேரும் சில்லறை வணிகத்தில் இறங்குகிறார்கள், அங்கே ஆளுக்கு 2. கூட்டிப் பாருங்கள்: வயல் 60, தொழிற்சாலை 40, சேவை 70. மொத்தம் அதே 170! தொழிற்சாலையின் உற்பத்தித்திறன் 60% ஏறியிருக்கிறது. தொழில்துறை அமைச்சர் அதைப் பெருமையாக அறிவிக்கலாம். நாட்டுக்கு ஒரு அலகுகூடக் கூடவில்லை.

மூன்றாவது கதை இன்னும் சங்கடமானது. வறட்சியாலோ கடனாலோ 10 பேர் வயலை விட்டு நகரத்துக்கு வந்து தள்ளுவண்டி போடுகிறார்கள். வாங்கும் கூட்டம் பெருகவில்லை என்றால், முன்பு 30 பேர் பங்கிட்ட அதே 60 அலகை இப்போது 40 பேர் பங்கிடுகிறார்கள், ஆளுக்கு 1.5. வயலில் அந்தப் 10 பேர் போனதால் விளைச்சல் குறைந்திருந்தால், நாட்டின் மொத்தம் 160 ஆக இறங்கிவிடும்.

‘வேளாண்மையை விட்டு வெளியேறுவோர் பெருகினால் வளர்ச்சி’ என்ற ஒற்றைவரி வாய்ப்பாட்டை நான் நம்பாததற்கு இந்த மூன்று கதைகள்தான் காரணம். எங்கிருந்து கிளம்பினார்கள் என்பதைவிட, எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது?

கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்த பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954-ல் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்து. ஏழை நாட்டின் மரபுவழித் துறையில் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவரை எடுத்துவிட்டாலும் விளைச்சல் அநேகமாகக் குறையாது என்றார் அவர். நவீனத் துறை அந்த உபரி ஆட்களைக் குறைந்த கூலிக்கு எடுக்கும், லாபத்தை மறுமுதலீடு செய்யும், மேலும் ஆட்களை எடுக்கும். உபரி தீர்ந்த பிறகுதான் கூலி ஏறத் தொடங்கும். 1979-ல் தியோடர் ஷுல்ட்ஸுடன் சேர்ந்து பொருளியல் நோபல் பரிசு பெற்றார். வேடிக்கை என்னவென்றால், எடுத்தாலும் விளைச்சல் குறையாத ஆட்கள் வயலில் இருக்கிறார்கள் என்பதை ஷுல்ட்ஸ் ஒப்புக்கொண்டதே இல்லை. ஏழை விவசாயி தன்னிடம் உள்ளதை வைத்துக் கச்சிதமாகத்தான் விவசாயம் செய்கிறார் என்பது அவர் கட்சி.

லூயிஸ் சொன்ன பாதையில் தென் கொரியா, தைவான், பிறகு சீனா நடந்தன. சீனாவில் 1978-ல் உழைப்போரில் சுமார் 70% பேர் வேளாண்மையில் இருந்தார்கள். இன்று நாலில் ஒரு பங்குக்கும் கீழே.

எல்லா நாடுகளிலும் இப்படி நடந்ததா?

இல்லை. இதை எண்ணில் எடுத்துக்காட்டியவர்கள் பொருளியலாளர்கள் மார்கரெட் மெக்மில்லனும் டேனி ராட்ரிக்கும். 2011-ல் வெளியான அவர்கள் ஆய்வு 38 நாடுகளை எடுத்து, 1990 முதல் 2005 வரையிலான உற்பத்தித்திறன் வளர்ச்சியை, துறைக்குள் நடந்தது எவ்வளவு, ஆட்கள் நகர்ந்ததால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தது. ஆசியாவில் ஆள் நகர்வு வளர்ச்சியைக் கூட்டியது. லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் அது வளர்ச்சியைக் குறைத்தது. ஆட்கள் மேலே ஏறாமல் கீழே இறங்கியிருந்தார்கள்.

லத்தீன் அமெரிக்காவில் நடந்தது நம் இரண்டாவது கதைதான். 1980-களின் பிற்பகுதியிலும் 90-களிலும் அந்த நாடுகள் இறக்குமதி வரிகளை வெட்டின. போட்டியில் தாக்குப்பிடித்த ஆலைகள் திறமையாயின, துறைக்குள் உற்பத்தித்திறன் வேகமாகவே ஏறியது. வெளியே தள்ளப்பட்டவர்களோ அமைப்புசாரா வேலைகளில் விழுந்தார்கள். ஒரு கையால் சம்பாதித்ததை மறு கை கரைத்தது.

தாது, எண்ணெய் ஏற்றுமதியை நம்பிய நாடுகளுக்கு இன்னொரு சிக்கல். சுரங்கத்தில் ஆளுக்கான உற்பத்தி வானளவு இருக்கும், ஆனால் அது கொஞ்சம் பேரையே வேலைக்கு எடுக்கும். நாணய மதிப்பு ஏறிப்போனால் மற்ற ஏற்றுமதித் தொழில்களும் நசுங்கும்.

ஆப்பிரிக்காவின் கதை அத்தோடு முடியவில்லை. 2000-க்குப் பிறகு அங்கே ஆள் நகர்வின் பங்கு நேர்மறையாகத் திரும்பியதை இதே ஆய்வாளர்கள் பின்னர் பதிவு செய்தார்கள்.

வயலுக்கும் நகரத்துக்கும் உள்ள இடைவெளி உண்மையில் அவ்வளவு பெரியதா? ஆட்களே வேறு வேறு இல்லையா?

நல்ல கேள்வி. கால் நூற்றாண்டாக இதில்தான் சண்டை.

முதலில் மேலோட்டமான எண். இந்தியாவில் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி வேலை செய்வோரில் சுமார் 46% பேர் வேளாண்மையில். நாட்டின் மதிப்புக்கூட்டலில் வேளாண்மையின் பங்கு ஏறக்குறைய 18%. வகுத்துப் பார்த்தால், வேளாண்மைக்கு வெளியே உள்ள ஒருவர் உள்ளே இருப்பவரைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு மதிப்பை உருவாக்குகிறார்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வயலில் இருப்பவர் ஆண்டில் குறைவான மணி நேரமே வேலை பெறுகிறார். பள்ளிப் படிப்பும் சராசரியாகக் குறைவு. டக்ளஸ் கோலின், டேவிட் லகாகோஸ், மைக்கேல் வாஃக் மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த இரண்டையும் கழித்துப் பார்த்தார்கள். இடைவெளி சுருங்கியது, ஆனால் மறையவில்லை. வளரும் நாடுகளில் அப்போதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு எஞ்சியது.

அப்புறம் வந்தது இன்னொரு அடி. இந்தோனேசியாவிலும் கென்யாவிலும் ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளை வைத்து ஒரு குழு வேறு கேள்வி கேட்டது: இதே ஆள் வயலில் இருந்தபோது என்ன சம்பாதித்தார், வெளியே வந்த பிறகு என்ன சம்பாதிக்கிறார்? இப்படி ஒப்பிட்டால் இடைவெளியில் 80 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போகிறது. திறமையும் துணிவும் உள்ளவர்களே முதலில் வெளியேறுகிறார்கள், அவர்கள் எங்கே இருந்தாலும் கூடுதலாகத்தான் சம்பாதித்திருப்பார்கள் என்று இதற்கு விளக்கம்.

என் பார்வையில் இரு தரப்பிலும் விஷயம் இருக்கிறது. இடைவெளியில் ஒரு பகுதி ஆள் வேறுபாடு; ஒரு பகுதி நிஜம். நான்கு மடங்கு இடைவெளியைப் பார்த்து, ஓர் ஆளை நகர்த்தினால் நான்கு மடங்கு லாபம் என்று கணக்குப் போடுவது மட்டும் தப்பு. சராசரி வேறு, கடைசியாக வந்து சேரும் ஆள் கூட்டித் தருவது வேறு.

வெளியே வருமானம் அதிகம் என்றால் எல்லோரும் ஏன் கிளம்பவில்லை?

வங்கதேசத்தின் வடமேற்கில் உள்ள ரங்பூர் பகுதியைப் பார்ப்போம். அங்கே நெல் நட்டு முடித்ததற்கும் அறுவடைக்கும் இடையே, செப்டம்பர் முதல் நவம்பர் வரை, வயலில் வேலை இருக்காது. அந்தப் பஞ்ச காலத்துக்கு ‘மொங்கா’ என்று பெயர். வேலை உள்ள நகரங்கள் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான். ஆனாலும் பலர் பட்டினி கிடந்தபடி ஊரிலேயே இருந்தார்கள்.

2008-ல் கரேத் பிரையன், ஷியாமல் சௌத்ரி, முஷ்ஃபிக் மொபாரக் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். தற்செயலாகத் தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கு, ஒருவர் வெளியூர் வேலைக்குப் போகிறார் என்ற நிபந்தனையுடன், பேருந்துக் கட்டணம் அளவுக்கு, சுமார் 8.50 டாலர் கொடுத்தார்கள். ஆள் அனுப்பிய குடும்பங்களின் விகிதம் 22 சதவீதப் புள்ளிகள் கூடியது. ஊரில் இருந்தவர்களின் உணவும் செலவும் கண்கூடாக உயர்ந்தன. அடுத்த ஆண்டு யாரும் பணம் கொடுக்காமலே பலர் மறுபடி கிளம்பினார்கள். தடை சோம்பலோ அறியாமையோ இல்லை. பசியின் விளிம்பில் நிற்பவருக்கு, போய் வேலை கிடைக்காமல் திரும்பினால் பேருந்துக்குக் கொடுத்த காசே குடும்பத்தைக் கவிழ்த்துவிடும். அந்தப் பயம்தான்.

இதே திட்டத்தைப் பின்னாளில் பெரிய அளவில் நடத்தியபோது முன்பு கிடைத்த பலன் கிடைக்கவில்லை, 2019-ல் அது மூடப்பட்டது. சோதனையில் ஜெயித்தது பெரிய அளவில் தோற்பது இந்தத் துறையில் புதிதில்லை.

பணம் தவிர வேறு பூட்டுகளும் உண்டு. சீனாவில் 1958 முதல் உள்ள ஹுகோ பதிவு முறைப்படி, கிராமத்தில் பதிவான ஒருவர் நகரத்தில் வேலை செய்யலாம். ஆனால் பிள்ளையின் பள்ளி, மருத்துவ வசதி போன்ற உரிமைகள் பெரும்பாலும் பிறந்த ஊரோடு கட்டப்பட்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தாலும் முழுக்கப் போகவில்லை. மெக்சிகோவில் எஹிதோ எனப்படும் பொதுநிலத்தை உழுபவர், அதைத் தொடர்ந்து உழுதால்தான் உரிமை நிலைக்கும் என்ற நிலை இருந்தது. 1990-களில் அந்த நிலங்களுக்குச் சான்றிதழ் கொடுத்ததும், சான்றிதழ் பெற்ற குடும்பங்களிலிருந்து ஒருவர் வெளியூர் போகும் வாய்ப்பு 28% கூடியது. நிலத்தைக் காவல் காக்கவே ஆட்கள் வயலில் இருந்திருக்கிறார்கள்!

ஆட்கள் திரும்பி வேளாண்மைக்கே வருவது நடக்குமா?

நடந்திருக்கிறது. இந்தியாவில் வேளாண்மையின் வேலைப் பங்கு பல பத்தாண்டுகளாக இறங்கி, 2018-19-ல் 42.5 சதவீதத்தைத் தொட்டது. 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் வந்தது. நகரங்களில் வேலை நின்றதும் லட்சக்கணக்கானோர் நடந்தும் ரயிலிலும் ஊருக்குத் திரும்பினார்கள். 2020-21-ல் அந்தப் பங்கு 46.5% ஆனது. நோய் போன பிறகும் அது பழைய அளவுக்கு இறங்கவில்லை.

இதில் ஒரு பகுதி, குடும்ப நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்யும் பெண்கள் அதிகமாகக் கணக்கில் வந்ததால். மீதியைச் சாதாரணமாக விட முடியாது. வளரும் நாடுகளில் வேளாண்மைதான் கடைசிப் புகலிடம். வேலையில்லாதோர் உதவித்தொகை இல்லாத இடத்தில் வயல்தான் அந்த உதவித்தொகை.

தொழிற்சாலைகள் பெருகினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

முன்பு தீர்ந்தது. இப்போது அந்தக் கதவு ஒடுங்கி வருகிறது. இதை ராட்ரிக் ‘காலத்துக்கு முந்திய தொழில்நலிவு’ என்ற கருத்தாக 2016-ல் விளக்கினார். பிரிட்டன் போன்ற நாடுகளில் தொழில்துறை வேலைப் பங்கு நன்றாக ஏறி, நாடு பணக்காரனான பிறகுதான் இறங்கியது. இன்றைய வளரும் நாடுகளில் அந்தப் பங்கு தாழ்ந்த உயரத்திலேயே, வருமானம் இன்னும் குறைவாக இருக்கும்போதே, இறங்கத் தொடங்கிவிடுகிறது. இயந்திரமயமாதல் ஒரு காரணம். சீனா 2001-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு வந்த போட்டி இன்னொன்று.

எத்தியோப்பியா, தான்சானியா பற்றிய ஆய்வுகளில் ஒரு விசித்திரம் தெரிகிறது. பெரிய ஆலைகளின் உற்பத்தித்திறன் ஏறுகிறது, ஆனால் அவை அதிகம் பேரை எடுப்பதில்லை. சிறு பட்டறைகள் ஆட்களை எடுக்கின்றன, ஆனால் உற்பத்தித்திறன் ஏறுவதில்லை. உலகச் சந்தையில் விற்க வேண்டிய ஆலை, பணக்கார நாடுகளுக்காக வடிவமைத்த இயந்திரங்களைத்தான் வாங்கியாக வேண்டியிருக்கிறது. அவை ஆள் தேவையைக் குறைக்கவே செய்யப்பட்டவை.

சரி, ஆலை வேலை கிடைத்தவராவது அதில் தங்குகிறாரா? கிறிஸ்டோபர் பிளாட்மனும் ஸ்டெஃபான் டெர்கனும் எத்தியோப்பியாவில் ஐந்து ஆலைகளுடன் சேர்ந்து, வேலை கேட்டு வந்தவர்களில் சீட்டுக் குலுக்கி வேலை கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் சில மாதங்களில் விட்டுவிட்டார்கள். வருமானம் மற்ற வேலைகளைவிடக் கூடுதலாக இல்லை, உடல்நலம் கெட்டது என்ற புகார்கள் கூடின. இன்னொரு குழுவுக்கு வேலைக்குப் பதில் 300 டாலரும் சிறு தொழில் பயிற்சியும் கொடுத்தார்கள்; அவர்கள் வருமானம் ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு ஏறியது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்த ஏற்றமும் பெரும்பாலும் மறைந்திருந்தது. ஆலை வாசலில் கால் வைத்தாலே வாழ்க்கை மாறிவிடும் என்று எழுதுபவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

சேவைத்துறை வழியாக முன்னேற முடியாதா?

சேவைத்துறை என்பதே இரண்டு வேறு உலகங்கள். மென்பொருள், வங்கி, தொலைத்தொடர்பு ஒரு பக்கம்: உற்பத்தித்திறன் அதிகம், ஆனால் படித்தவர்களுக்குத்தான் இடம். சில்லறைக் கடை, வீட்டு வேலை, காவலாளி வேலை மறுபக்கம்: யார் வேண்டுமானாலும் நுழையலாம், அதனாலேயே உற்பத்தித்திறன் கீழே கிடக்கிறது. வயலிலிருந்து வருபவர் சேருவது இரண்டாவதில். சராசரி எண்ணைக் காட்டி ‘சேவைக்கு மாறுகிறார்கள், நல்லது’ என்று சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

அப்படியானால் வேளாண்மையில் முதலீடு செய்வது வீணா?

நேர் எதிர். வயலில் விளைச்சல் ஏறினால்தான் குறைந்த ஆட்களால் ஊருக்குச் சோறு போட முடியும், மீதிப் பேர் வேறு வேலைக்குப் போக முடியும். ஆனால் எந்த மாதிரித் தொழில்நுட்பம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

பிரேசில் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. அங்கே 2003-ல் மரபணு மாற்றிய சோயாவுக்கு அனுமதி கிடைத்தது. களை எடுக்கும் வேலை குறைந்ததால் ஆள் தேவையும் குறைந்தது. அதற்கு ஏற்ற மண் உள்ள வட்டாரங்களில் உழைப்பாளர்கள் தொழில்துறைக்கு நகர்ந்தார்கள். அதே காலத்தில் இரண்டாம் போக மக்காச்சோளமும் பரவியது. அது ஒரே நிலத்தில் இன்னொரு அறுவடை தந்தது, அதற்கு ஆட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டார்கள். மக்காச்சோளத்துக்கு ஏற்ற வட்டாரங்களில் ஆட்கள் வயலிலேயே தங்கினார்கள், தொழில்துறை வேலைப் பங்கு சுருங்கியது. இரண்டுமே ‘விளைச்சல் முன்னேற்றம்’தான்!

சோயா வட்டாரங்களில் வெளியேறியவர்கள் சேர்ந்தது பெரும்பாலும் புதுமைக்கு அதிகம் செலவிடாத தொழில்களில் என்பதையும் ஆய்வாளர்கள் பிறகு காட்டினார்கள். தொழில்துறைக்குள்ளும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்ற கேள்வி விடுவதில்லை.

அரசுகள் என்ன செய்யலாம்?

ஆட்களை அதட்டி நகர்த்துவதோ தடுத்து நிறுத்துவதோ இரண்டுமே மோசமான வழி. ஒருவர் கிளம்பும்போது எதை இழக்கிறாரோ அதைக் குறைக்கலாம். நில உரிமை கையைவிட்டுப் போகாது, குத்தகைக்கு விடலாம் என்ற உறுதி. எந்த ஊரிலும் செல்லும் ரேஷன். இடம்பெயர்ந்த பிள்ளைக்கும் பள்ளியில் இடம். இந்தியாவில் ரேஷன் அட்டையை எந்த மாநிலத்திலும் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு இந்த வகையில் சரியான அடி.

கிளம்பி வருபவர்களுக்கு வேலை தரும் பக்கம்தான் கடினம். ஆலைகள் ஏன் பெரிதாகவில்லை, மின்சாரமா, கடனா, விதிகளா, சந்தையா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சாங்-தாய் ஷே, பீட்டர் கிளெனோ இருவரும் 2009-ல் போட்ட கணக்கில், இந்தியத் தொழிற்சாலைகளுக்கிடையே மூலதனமும் உழைப்பும் அமெரிக்காவில் உள்ள அளவுக்காவது சீராகப் பங்கிடப்பட்டால் தொழில்துறை உற்பத்தித்திறன் 40 முதல் 60% வரை ஏறும் என்று வந்தது. ஒரே துறைக்குள் மோசமான ஆலையிலிருந்து நல்ல ஆலைக்கு மாறுவதும் ஆள் நகர்வுதான், அதற்கு யாரும் ஊர் மாறவே வேண்டியதில்லை.

செய்தியில் இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்தால் எதைச் சரிபார்ப்பது?

உற்பத்தித்திறனை ஆளுக்குக் கணக்கிட்டார்களா, மணி நேரத்துக்கா என்று பாருங்கள். அப்படியே, காலையில் வயல், மாலையில் கடை என்று இருப்பவரை எந்தத் துறையில் சேர்த்தார்கள் என்று தேடுங்கள். கணக்கெடுப்புகள் பெரும்பாலும் முக்கிய வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ‘தொழில்துறை வேலை பெருகியது’ என்றால் அதில் கட்டுமானம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தியா போன்ற நாடுகளில் வயலை விட்டு வந்தவர்களில் பெரும்பங்கினர் போனது கட்டடம் கட்டத்தான், ஆலைக்கு இல்லை.